நாலாவது ஹீட்டர் பிளக்

தீர்த்தம்மாளுக்கு வண்டி தள்ள வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. வராமல் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. மார்கழி பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதில் ஏழு நாள், விடிவதற்கு முன் அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி, "கொஞ்சம் கை குடுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறாள். கேட்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். நாற்பத்தொரு வயதுவரை யாரிடமும் தாழ்ந்த குரலில் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் கறகறவென்று சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் வந்து பனியோடு கலந்து, எரியாத டீசலின் நாற்றத்தைத் தெரு முழுக்கப் பரப்பியது. நாலு பேர் வந்து தள்ளினார்கள். அவர்களில் ஒருவன், டவுனில் காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறார்கள், நமக்குத் தீர்த்தம்மாக்கா சும்மாவே வைத்திருக்கிறது என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தாள். மூன்றாவது தள்ளலில் வண்டி இருமி, குலுங்கி, உயிர் பிடித்தது. அதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே இருக்கும் ஐந்து ஊர்களின் பாலை அவள் வண்டிதான் எடுக்கிறது. பன்னிரண்டு வருடப் பழைய டீசல் பிக்கப். ஒவ்வொரு ஊர்ப் பால் சங்கக் கொட்டகையிலும் நின்று கேன்களை ஏற்றி, ஏழரைக்குள் பால் குளிரவைக்கும் நிலையத்தில் இறக்க வேண்டும். ஏழரையைத் தாண்டினால் வரிசையில் கடைசி. வெயில் ஏறும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். நிற்கிற நேரத்தில் பால் தன் வேலையைக் காட்டிவிடும். போன வெள்ளிக்கிழமை ஒரு கேன் திரும்பி வந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று கேன்.

திரும்பி வந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் கவிழ்த்தபோது, சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற பெரியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். "ஹாலு கெட்டோய்த்து, எல்லா கெட்டோய்த்து" என்று, பாலும் எல்லாமும் கெட்டுப்போனதாக, இரண்டு முறை சொன்னாள். அப்புறம் தீர்த்தம்மாளைப் பார்த்துத் தமிழில், "மாட்டுக்குத் தெரியுமா, உன் வண்டி எடுக்கலேன்னு?" என்று கேட்டாள்.

பால் வண்டி வைக்கும் பொறுப்பு சங்கச் செயலாளர் பச்சியப்பனுடையது. அவர் சத்தம் போடவில்லை. நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, நாளைக்குக் காலை ஐந்தே முக்காலுக்குத் தீர்த்தம்மாளின் வண்டி கொட்டகையில் நிற்காவிட்டால், இன்னொரு பிக்கப் வைத்திருக்கும் சின்னராஜின் வண்டி நிற்கும் என்றார். ஒரு நாளைக்கு மட்டுமா என்று அவள் கேட்டாள். "அப்புறம் எல்லா நாளும்தான்" என்றார்.

அந்த வேலை கைக்கு வந்த கதையைத் தீர்த்தம்மாள் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. பிறந்தது கடத்தூர்ப் பக்கம். பதினான்கு வயதிலேயே அப்பாவின் டிராக்டரை உழவுக்கு ஓட்டியவள். பெண் டிராக்டர் ஓட்டுகிறாள் என்பது வரன் வந்த வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் மூன்று வருடம் அதைத் தொடவிடவில்லை. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தாள். கணவன் மாதேஸ்வரன் இதே பிக்கப்பில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார். முதுகுத் தண்டில் கோளாறு வந்து, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வண்டியை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார்கள். அந்த உதையைப் பார்த்துத்தான் அவள் விற்பதில்லை என்று முடிவு செய்தாள்.

லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஆய்வாளர், "வூட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். ஓட்டப்போவது நான்தானே என்று பதில் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் எட்டுப் போட்டுக் காட்டினாள். பால் வண்டிக்கு வந்த முதல் வாரம், கேனைக் கொடுக்கிற பெண்களே கைப்பிடியை விடாமல் ஒரு நொடி யோசித்தார்கள். அந்த ஒரு நொடி போக ஒரு வருடம் பிடித்தது. எட்டு வருடத்தில் மாமியார் செத்த அன்று காலை மட்டும் அவள் போகவில்லை. மாலைப் பாலுக்குப் போய்விட்டாள். ஐந்து ஊரிலும் அவள் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பார்கள். எட்டு வருடத்தில் சேர்ந்த அந்தப் பெயர் பதினோரு நாளில் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது.

கொட்டகையிலிருந்து நேராகப் பாலக்கோட்டில் மெக்கானிக் மாதவராஜின் பட்டறைக்குப் போனாள். அப்போது மணி பதினொன்று. அவன் டீக்கிளாசை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே சுற்றில் எடுத்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். மறுபடியும் எடுத்தது.

காலையில்தான் எடுப்பதில்லை, குளிர்ந்து கிடந்தால் எடுப்பதில்லை என்று அவள் சொன்னாள். அவன் பம்ப்பைப் பார்த்தான், பேட்டரியைத் தட்டினான், காற்று வடிகட்டியைத் திறந்து மூடினான். ஹீட்டராக இருக்குமோ என்று அவள்தான் கேட்டாள். டீசல் எஞ்சினுக்குக் காலையில் கிளம்ப உள்ளே சூடு வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பென்சில் கனத்தில் ஒரு ஹீட்டர் பிளக் முனையை நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைப் பாதி திருப்பிச் சற்றுப் பொறுத்தால் முனை பழுக்கும். அதுவரை ஸ்டியரிங்குக்கு முன்னால் சுருள் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடிக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியும், எல்லா டிரைவருக்கும் தெரியும்.

மாதவராஜ் சாவியைப் பாதி திருப்பி அந்த விளக்கைக் காட்டினான். எரிந்தது. அணைந்தது.

"விளக்கு வருதா?"

"வருது."

"போகுதா?"

"போகுது."

"அப்புறம் ஹீட்டருக்கு என்னம்மா? வண்டி கல்லாட்டம் இருக்குது. கைதான் சரியில்ல. காலையில தூக்கக் கலக்கத்துல ஆக்சிலேட்டர மிதிச்சி டீசல ரொப்பி விட்டுர்றீங்க."

பட்டறையில் இன்னும் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். ஒருவன் பொம்பளை ஓட்டுகிற வண்டி என்றால் காலையில் சமையல் முடித்துவிட்டுத்தானே எடுக்கும் என்றான். அவள் வண்டியில் ஏறினாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன வண்டி அவர்கள் கண் முன்னால் மூன்றாவது முறையும் ஒரே சுற்றில் எடுத்து அவள் வாயை அடைத்துவிட்டது.

வழி நெடுக அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காய்ச்சல் ராத்திரிதான் வருகிறது என்றால் ராத்திரி வந்து பார்க்காமல் பகலில் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று சொல்கிற வைத்தியனை என்ன செய்வது? குளிர்ந்த வண்டியைப் பார்க்க அவன் விடிகாலையில் வரமாட்டான். வண்டியை ராத்திரி அங்கே விட்டால் மாலைப் பாலும் காலைப் பாலும் போய்விடும். அவளுக்கு இருந்தது மாலை ஐந்து மணிவரையிலான நேரம். அதற்குள் கோளாறு எது என்று தெரிந்தாக வேண்டும், சரியாகவும் வேண்டும்.

வீட்டு வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. விளக்கு எரிகிறது, ஆகவே ஹீட்டர் நன்றாக இருக்கிறது. மாதவராஜ் சொன்னது தப்பு என்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. நாலு பிளக்கின் தலையையும் இணைத்து ஒரு தகடு ஓடும். அதன் வழியாகத்தான் மின்சாரம் வரும். தகட்டில் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தன. அதையாவது துடைப்போம் என்று நாலு சின்ன நட்டையும் கழற்றித் தகட்டை எடுத்தாள். வயரையும் பிடுங்கித் தனியாக விட்டாள். உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. ஓசூரிலிருந்து மாதேஸ்வரன். பேசிக்கொண்டே வண்டிக்குள் உட்கார்ந்தவள், கை பழக்கத்தில் சாவியைப் பாதி திருப்பினாள்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏழெட்டு நொடி கழித்து அணைந்தது.

அவள் அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். இறங்கிப் பார்த்தாள். தகடு பானெட்டின் ஓரத்தில் கிடந்தது. வயர் அந்தரத்தில் தொங்கியது. நாலு பிளக்கிலும் ஒரு சொட்டு மின்சாரம் போக வழியில்லை. மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. இப்போது செல்ஃப் அடிக்கலாம், எல்லாம் தயார் என்று சொல்லியது.

ஒரு பிளக்கும் இணைப்பில் இல்லாமலே அது எரிகிறது. அப்படியென்றால் அது பிளக்கைப் பார்த்து எரியவில்லை. எங்கேயோ ஒரு சின்ன டப்பா நொடியை எண்ணி ஏற்றி, நொடியை எண்ணி அணைக்கிறது. உள்ளே சூடானதா, செத்ததா என்பது அதற்குத் தெரியாது. எட்டு வருடமாகத் தினம் இரண்டு முறை அந்த விளக்கின் சொல்லை நம்பிக் காத்திருந்திருக்கிறாள். மாதவராஜ் அதை நம்பித்தான் நாலு பேருக்கு முன்னால் அவள் கையைக் குறை சொன்னான். அவளும் அதை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டில் எது தன்னை அதிகம் எரிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

பின்விளக்கு சோதிக்க அவளே செய்து வைத்திருந்த பல்பு ஒன்று இருந்தது. இண்டிகேட்டர் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒரு வயரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினாள். இன்னொன்றை முதல் பிளக்கின் தலையில் வைத்தாள். பிளக் நன்றாக இருந்தால் மின்சாரம் அதன் வழியாக எஞ்சின் உடம்புக்கு இறங்கும், பல்பு எரியும். எரிந்தது. இரண்டாவதில் வைத்தாள். எரியவில்லை. தலையைச் சுரண்டிவிட்டு வைத்தாள். எரியவில்லை. மூன்றாவதும் இல்லை. நாலாவது கேபினை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. விரலால் தடவிக் கண்டுபிடித்து வைத்தாள். இல்லை.

நாலில் மூன்று செத்துக் கிடந்தன. பத்து நாளில் மூன்று சாகாது. அவற்றில் ஒன்று முதன்முதலில் எப்போது செத்திருக்கும் என்று யோசித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருடம் தையில் ஒரு காலை வண்டி மூன்று சுற்றுக்குப் பிறகுதான் எடுத்தது. அன்று மாலையிலிருந்து அவள் வண்டியைக் கோயில் மேட்டில் நிறுத்த ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் எவரும் செய்வதுதான். காலையில் பிரேக்கை விட்டால் வண்டி உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஏரிக்கரை, ஆஸ்பத்திரி மேடு, பள்ளிக்கூடத்துச் சரிவு என்று ஊருக்கு ஊர் அப்படி இடம் உண்டு. சாவியில் எடுக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கார்த்திகைக் கடைசியில் குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று கோயில் மேட்டைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். வண்டி சமதளத்துக்கு வந்தது. வந்த மறுநாளே படுத்துக்கொண்டது. குழாய் வெட்டியவர்களைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகக் கோளாறை மேட்டில் உருட்டி உருட்டி மறைத்தது யார்? சாக்கடையில் கவிழ்ந்த மூன்று கேனில் தன் பங்கு எவ்வளவு? அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

இரண்டாவது பிளக்கைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் மாரண்டஹள்ளிக்குப் போனாள். அளவும் மரையும் ஒத்துப் பார்த்து மூன்று வாங்கினாள். மெக்கானிக் யாரும்மா என்று கடைக்காரர் கேட்டார். நான்தான் என்றாள். அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பிளக் மட்டும் இறுகி இருந்தால் அவசரப்படாதீர்கள், முறிந்து தலைக்குள் மாட்டிக்கொண்டால் எஞ்சின் தலையையே இறக்க வேண்டும், ஒரு வாரம் வண்டி நிற்கும் என்று சொல்லி, துரு இளக்கும் ஸ்பிரே ஒன்றையும் எடுத்து வைத்தார்.

திரும்பி வந்தபோது மணி மூன்று. புதுசு மூன்றையும் முதலில் பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். உடம்பைக் குறட்டால் பிடித்து மைனஸ்ஸில் அழுத்தி, தலைக்குப் பிளஸ் கொடுத்தால் எட்டு எண்ணுவதற்குள் முனை செக்கச் சிவந்தது. மூன்றும் சிவந்தன. இனி எந்த விளக்கையும் அவள் நம்பத் தயாராக இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் தடையில்லாமல் மாறின.

நாலாவது அசையவில்லை.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கை வழுக்கி விரல் முட்டி கேபின் தகரத்தில் கிழிந்தது. மாதவராஜின் டீக்கிளாசும் அந்த டிரைவரின் சிரிப்பும் பச்சியப்பனின் நோட்டும் ஒன்றாக ஞாபகம் வந்தன. சக்கர நட்டைக் கழற்ற வைத்திருக்கும் இரும்பு பைப்பை எடுத்து வந்து ஸ்பேனரின் பின்னால் மாட்டினாள். இனி உடம்பு எடையைப் போட்டால் எதுவும் கழன்றுதான் ஆக வேண்டும். போட்டாள். ஸ்பேனர் லேசாக நகர்ந்தது. நகர்ந்தது, கையை எடுத்ததும் திரும்பி வந்தது.

அவள் அப்படியே நின்றாள். கழலும் நட்டு திரும்பி வராது. முறுக்கிக்கொள்ளும் இரும்புதான் திரும்பி வரும். இன்னும் ஒரு பிடி போட்டிருந்தால் முனை உள்ளேயே நின்று, தலை மட்டும் கையோடு வந்திருக்கும். பைப்பைக் கழற்றித் தெருவில் வீசினாள். அது உருண்டு போய்க் குழாய் வெட்டிய பள்ளத்தில் விழுந்தது. எடுக்கப் போகவில்லை.

ஸ்பிரேயை அடித்தாள். தகட்டை மாட்டி எஞ்சினை ஓடவிட்டாள். சூடாகட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அன்று அவளுக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது. பிறகு அணைத்து, குட்டை ஸ்பேனரை எடுத்து, இரண்டு விரல் பலத்தில் மட்டும் இழுத்தாள். இறுக்குகிற பக்கம் கொஞ்சம், கழற்றுகிற பக்கம் கொஞ்சம். மறுபடி ஸ்பிரே. மறுபடி முன்னும் பின்னும். ஒவ்வொரு முறையும் கை அவள் பேச்சைக் கேட்காமல் பலமாக இழுக்கப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அதை அதட்டி நிறுத்தினாள். நாலரைக்குப் பக்கத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம். ஸ்பேனர் நகர்ந்த இடத்திலேயே நின்றது. வெளியே வந்த பிளக்கின் முனை கரி பிடித்து மிளகாய்ப் பழம் மாதிரி உப்பியிருந்தது. புதுசை மாட்டித் தகட்டைப் பொருத்தினாள். கடைசி நட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் நுனியால் தடவித்தான் முறுக்கினாள்.

மாலைப் பாலுக்குப் போனபோது கொட்டகையில் கூட்டம் இருந்தது. பச்சியப்பன் அவளைப் பார்த்ததும் நோட்டை மூடினார். மாதவராஜ் அவருடைய மச்சினன். போன் பேசியிருக்கிறான்.

"வண்டியில கோளாறே இல்லையாமே தீர்த்தம்மா. கையிலதான் கோளாறாம். நாளைக்குக் காலையில சின்னராஜ வரச் சொல்லிட்டேன்."

பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் மூன்று பிளக் செத்திருந்ததையும் மாற்றியதையும் சொன்னாள். அவர் சிரித்தார். சூடான வண்டி எப்போதும்தான் எடுக்கும், இப்போது எடுப்பதை வைத்து என்ன தெரியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைக் குத்தியது. சரியானது என்பதைக் காட்ட அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வண்டி. அதுவும் குளிர்ந்தால்தான் பேசும்.

"இங்கியே விட்டுட்டுப் போறேன்" என்றாள். "சமமாத்தான் இருக்குது உங்க கொட்டா வாசல். பாலை எறக்கிட்டு வந்து நிறுத்தறேன். சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். காலையில யார் வேணா எடுத்துப் பாருங்க. எடுக்கலேன்னா நான் கேக்க மாட்டேன், சின்னராஜே ஓட்டட்டும்."

பேச்சு வாயைவிட்டுப் போன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. குளிரில் வண்டி எடுப்பதை அவளே இன்னும் பார்க்கவில்லை. பாலை இறக்கிவிட்டு வந்து, சொன்னபடி நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். படுத்தும் அந்தக் கடைசி நட்டு விரல் நுனியில் உருண்டுகொண்டே இருந்தது. முறுக்கினோமா? முறுக்கியது போல் இருந்ததா?

புதன்கிழமை அவள் கொட்டகைக்குப் போனபோது ஐந்தரை. கண்ணாடியில் பனி வழிந்தது. சின்னராஜின் வண்டி பக்கத்தில் கதவு திறந்து தயாராக நின்றது. ஏரிக்கரையிலிருந்து உருட்டி எடுத்து வந்திருந்தான். எஞ்சினை அணைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கேன் பக்கத்தில் நின்றார்கள். பச்சியப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியைச் சின்னராஜிடமே நீட்டினார்.

தீர்த்தம்மாள் அவன் கையிலிருந்த சாவியையே பார்த்தாள். விளக்கு அணைவதற்கு முன்பே அவன் செல்ஃப் அடித்தால் போதும், வண்டி பிடிக்காது. அவனுக்கு அது தெரியும். இந்த வேலை அவனுக்கு வேண்டும். அவள் ஜன்னல் பக்கத்தில் போய் நின்றாள். தொடக்கூடாது என்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"வெளக்கு அணையட்டும்" என்றாள்.

"எனக்கும் ஓட்டத் தெரியுங்க்கா" என்றான் சின்னராஜ்.

சாவியைப் பாதி திருப்பினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் எண்ணினாள். அந்த விளக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அணைந்தது. அவன் அதற்குப் பிறகும் ஒரு நொடி பொறுத்து, அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினான்.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்று முடியவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு வெள்ளைப் புகை வந்து போனது. பிறகு ஒரே சீரான சத்தம்.

சின்னராஜ் இறங்கினான். "எடுத்துருச்சுங்க" என்று பச்சியப்பனிடம் சொல்லிவிட்டுத் தன் வண்டிக் கதவைச் சாத்தப் போனான். பச்சியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஏத்துங்க, ஏத்துங்க" என்று நோட்டைத் திறந்தார்.

தீர்த்தம்மாள் பின்கதவைத் திறக்கவில்லை. கொண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து எல்லாரும் இருக்கும்போது ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கும் எல்லாரும் இருக்காங்க. சொல்லுங்க."

"என்னாத்த சொல்றது? அதான் எடுத்துருச்சே."

"வண்டி எடுத்தது எனக்கும் தெரியுது. கையப் பத்தி நேத்துச் சொன்னீங்க."

அவர் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் பேனாவை வைத்தார். இரண்டு எஞ்சின்களின் சத்தம் மட்டும் இருந்தது. அவளுக்கு நேரம் ஓடுவது தெரிந்தது. ஏழரை யாருக்காகவும் நிற்காது. இன்றும் தாமதமானால் அது முழுக்க முழுக்க அவள் செய்த தாமதம். இருந்தாலும் கொண்டியிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

பெரியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "சொல்லிட்டுத்தான் எழுதுங்களேன். பால் நிக்குது" என்றாள். அதில் தீர்த்தம்மாள்மேல் பரிவு ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது பால் போய்ச் சேருவது.

பச்சியப்பன் பேனாவை மூடினார். "வண்டியிலதான் கோளாறு இருந்துச்சு."

"கையில?"

"கையில ஒண்ணுமில்ல. போதுமா?"

போதாது. சாக்கடையில் போன பாலுக்கும், ஒரு வருடம் மேட்டில் உருட்டியதற்கும் அந்த ஒரு சொல் போதவே போதாது. அவள் கொண்டியை விடுவித்தாள். முதல் கேனைப் பெரியம்மாள் தூக்கிக் கொடுத்தாள். தீர்த்தம்மாள் அதை வாங்கி உள்ளே வேகமாகத் தள்ளி, மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.